பூட்டாத கதவுக்குக் காவலா?

கணிப்பொறி பயிலும் நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஜாவா நிரலைத் தொகுத்துக் கட்டும் 'கிரேடில்' கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'இக்னோர் ஃபெயிலியர்ஸ் = ட்ரூ' என்றொரு வரி இருக்கிறதா? இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். ஏன் என்கிறீர்களா? பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற பருவத்தில் நால்வர் சேர்ந்து விடுதி உணவுக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதினோம். நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் கருவியாகிய பி.எம்.டி.யையும் சேர்த்தோம். சேர்ப்பது எளிது, 'பிளகின்ஸ்' பகுதியில் ஒரே வரி போதும். ஆனால், முதல் நாளே அது குறைகளை அடுக்கிக் கட்டுமானத்தை நிறுத்திவிட்டது. ஒப்படைக்கும் நாளோ நெருங்கியது, பொறுமை போயிற்று. மேற்சொன்ன வரியை எழுதியவன் நான்தான். அதன்பின் கருவி குறை சொல்லிக்கொண்டே இருந்தது. கட்டுமானமும் நில்லாமல் நடந்தது. எங்களுக்குப் பெருமகிழ்ச்சி!

ஆசிரியர் முன் இயக்கிக் காட்டும் நாள் வந்தது. சரியான அடையாள எண்ணைத் தட்டச்சு செய்தும், 'அப்படி ஒருவர் இல்லை' என்றது நிரல். காரணம் என்ன? இரண்டு எழுத்துச் சரங்களை 'ஈக்வல்ஸ்' கொண்டு ஒப்பிடாமல், இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தோம். அக்குறி எழுத்துகளைப் பார்ப்பதில்லை; இரண்டும் ஒரே பொருள்தானா என்று மட்டுமே பார்க்கும். எங்கள் சோதனையில் இரு சரங்களையும் நிரலிலேயே எழுதியிருந்தோம். ஜாவா அவற்றை ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே பிழை ஒளிந்திருந்தது. அன்றிரவு 'பில்ட்' அடைவில் கிடந்த அறிக்கையைத் திறந்தேன். வரி எண்ணோடு அப்பிழை அங்கே பதிவாகி இருந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

செக்ஸ்டைல் கருவியின் கதையும் இதுவே. நாம் மாற்றாதவரை, கிரேடில் அதற்கு அனுமதிக்கும் எச்சரிக்கைகளின் வரம்பு 2,14,74,83,647. கூகுள் விதித் தொகுப்போ குறைகளை எச்சரிக்கைகளாகவே சொல்லும். இருநூறு கோடி குறை வந்தாலும் கதவு திறந்தே கிடக்கும் என்பதன்றோ இதன் பொருள்! 'மேக்ஸ் வார்னிங்ஸ் = 0' என்று எழுத வேண்டியவர் நாமே.

"பழைய நிரலில் குறைகள் மலைபோல் உள்ளனவே; எல்லாம் திருத்தினால் வேலை எப்போது முடியும்?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். அதற்கு விதிகளைக் குறையுங்கள். முதலில் பத்து போதும். பழைய கோப்புகளுக்கு விலக்குப் பட்டியல் எழுதி, வாரந்தோறும் அதைச் சுருக்குங்கள். கருவியே தவறாகக் குறை கூறினால், அந்த இடத்தை மட்டும் காரணம் எழுதி விலக்குங்கள். ஆனால், ஏற்றுக்கொண்ட விதி மீறப்பட்டால் கட்டுமானம் நிற்கட்டும்!

காவலனை வாயிலில் நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டாதே என்று அவனுக்கே ஆணையிடுவது அறிவுடைமை ஆகுமா? அந்த ஆணையை இட்டவன் நான், நீங்கள் இடாதீர்கள்.