கையும் நாவும்

"ஸ்கேன் எடுக்கும் உத்தியோகம் பார்க்க என் பெண் என்ன படிக்க வேண்டும்?" என்று பெற்றோர் பலர் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நமது தேசத்தில் இதற்குக் கிடைக்கும் விடை சற்று விசித்திரமானது.

முதலில் அந்த யந்திரத்தின் ஸங்கதியைப் பார்ப்போம். விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதர் காதில் விழாது. இந்தக் கருவியோ பல லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. அது உள்ளே விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, உறுப்புகளில் பட்டு எதிரொலிக்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் சித்திரம் கிடைத்துவிடுகிறது. உலோகத்தில் விரிசல் தேடிய இம்முறையைக் கொண்டு கருப்பையைக் காணலாம் என்று 1958-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்டு என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் உலகுக்கு அறிவித்தார்கள்.

இதில் கையின் பழக்கமே பிரதானம். கருவியைச் சரியான இடத்தில், சரியான சாய்வில் வைக்காவிட்டால் நோய் திரையில் வராது. இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் டாக்டரல்லாதவர்களும் இதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றுத் தொழில் செய்கிறார்கள். இங்கோ, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்ய டாக்டராகத்தான் இருக்க வேண்டும். அதற்கான மேற்படிப்பு இல்லாத எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு, 2014-ம் வருஷத்து விதிகளின்படி ஆறு மாதத்தில் 300 மணி நேரப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. கதிரியல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு எக்ஸ்ரே, ஸி.டி., எம்.ஆர்.ஐ. யந்திரங்கள் இருக்கின்றன.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? 1994-ல் இயற்றப்பட்டு 1996-ல் அமுலுக்கு வந்த சட்டம், சிசு ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைக் குற்றமாக்கிற்று. காரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் அரியலூர் ஜில்லாவில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், 1,000 பையன்களுக்கு 897 பெண்களே! அவ்வளவு குறைவுக்கும் ஸ்கேன்தான் காரணமென்று சொல்ல முடியாது. ஆயினும் இயற்கை இப்படிக் கணக்குத் தப்புவதில்லை.

டாக்டர் பட்டம் மட்டும் இதைத் தடுத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. இரகசியத்தை வெளியிட்டுத் தண்டனை பெற்றவர்களில் பட்டதாரி டாக்டர்களும் உண்டு. ஆகவே, இப்பயிற்சியில் கைக்குப் பாதி என்றால் நாவுக்குப் பாதி. பார்த்ததையெல்லாம் சொல்லக் கை பழக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லாதிருக்க நா பழக வேண்டும்.

2022 ஜனவரியில் அரியலூரில் ஸர்க்கார் வைத்தியக் கலாசாலை திறக்கப்பட்டது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனியார் கலாசாலை ஒன்றும் இருக்கிறது. அங்கெல்லாம் நம் பெண்கள் சென்று இக்கருவியைக் கையில் எடுக்கட்டும். ஆனால் கலாசாலை கற்பிக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. "என்ன குழந்தை?" என்று கேட்பவன் இருக்கும் வரையில் சொல்பவனும் எங்கேனும் இருப்பான். கேட்டு வற்புறுத்தும் கணவனையும் உறவினரையும்கூடச் சட்டம் தண்டிக்கிறது. கேளாதிருக்கும் பயிற்சியை நம் வீட்டுக் கூடத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்கு 300 மணி நேரம் தேவையில்லை.