பழைய துணியும் பழுதான சொல்லும்



பள்ளிப் பொங்கல் விழாவில் ஆடவிருந்த என் மகளுக்காக, இணையத்தில் ஒரு பழைய பட்டுப்பாவாடையை 80 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். "தூய பட்டு, ஒரு முறை மட்டுமே உடுத்தியது" என்று விற்பனையாளர் எழுதியிருந்தார். பொட்டலம் வந்ததும் பிரித்துப் பாராமலே 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அதுவரை தளத்தில் நின்றிருந்த பணம் அவருக்குப் போய்விட்டது. முதல் தவறு என்னுடையது.

பிரித்தபோது சட்டையின் அக்குளில் வியர்வைக் கறை. பாவாடையின் ஓரத்தில் ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகிக் கெட்டி மணியாயிற்று. பாலியெஸ்டர்!

கேட்டதற்கு, "பழைய துணி அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. நம்மில் பலர் இவ்விடத்தில் வாயடைத்துப் போகிறோம். பழையது என்பதால் விலை குறையலாம், பாலியெஸ்டர் பட்டாகிவிடாது.

வணிகர் விற்கும் பொருள் அவர் தந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். 2007ஆம் ஆண்டுத் திருத்தம் இணைய வணிகத்தையும் அதனுள் கொணர்ந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபருக்கு இச்சட்டம் பொருந்தாமல் போகலாம். ஆயினும் விவரிப்பை நம்பி வாங்குவோருக்கு 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் துணை நிற்கிறது.

"அவர் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புங்கள்" என்றனர் நண்பர்கள். நான் மறுத்தேன். விளம்பரத்தைப் படமெடுத்துச் சேமித்தேன். கறையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். சொன்னது என்ன, வந்தது என்ன, நான் கேட்பது என்ன, எந்நாளுக்குள் என்று நான்கே வரிகள் எழுதினேன். வசைச்சொல் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த அம்மையாருக்கும் அது யாரோ கொடுத்ததாம். பட்டு என்றே நம்பினாராம். கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாவாடை திரும்பிச் சென்றது; பணம் முழுமையாக வந்தது. முன்பே அவர் படத்தைப் பரப்பியிருந்தால், அந்த அவமானத்தை எந்த அஞ்சலில் திரும்பப் பெற்றிருப்பேன்?

ஆசிரியர்களே, வருணனைக் கட்டுரையில் அடைமொழிகளை அடுக்கும் மாணவனுக்குப் புள்ளிகளை வழங்குகிறோம். அவை உண்மையா என்று கேட்கிறோமா? இவ்வாண்டு என் வகுப்பில், தம் பழைய புத்தகப்பையை விற்க ஒரு விளம்பரம் எழுதச் சொல்லப்போகிறேன். கிழிசலையும் சேர்த்து எழுதுபவருக்கே முழுப் புள்ளி. பெற்றோர்களும் வீட்டில் செய்து பார்க்கலாமே!