ஆணுக்கு வெட்டிய அளவுகோலால் பெண்ணை அளப்பதா?

ஒரே சட்டத்தை எல்லார்மீதும் ஒரேவிதமாகப் பிரயோகித்தால் நீதி கிடைத்துவிடும் என்று நம்புவோர் உளர். அச்சட்டத்தை இயற்றியவர்கள் யாரை மனத்திற் கொண்டு இயற்றினார்கள் என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. பிறருக்கென வகுத்த விதிகளின்கீழ் வாழ்ந்து பழகிய நமக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். இன்று அதனை வைத்தியத் துறையிலும் எழுப்பவேண்டியிருக்கிறது. நித்திரையில் மூச்சு அடைபடும் நோய் பெண்கள் விடயத்தில் எவ்வாறு விசாரிக்கப்படுகிறது என்பதே வழக்கு.

நோய் இன்னதென்று முதலிற் சொல்லிவிடுகிறேன். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதையின் மேற்பகுதி ஒடுங்குகிறது. சிலவேளை முற்றாக மூடிக்கொள்கிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ காற்றுத் தடைப்படுகிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்குற்று உடலை உலுப்பி எழுப்புகிறது. மூச்சு மீள்கிறது, கண் அயர்ந்ததும் பழைய கதை. மணிக்கு 5 தடவை நிகழ்ந்தால் நோயின் எல்லை. 30 தடவை என்றால் கடும் நோய். கவனியாது விட்டால் குருதி அமுக்கத்திற்கும் இருதய நோய்க்கும் பாரிசவாதத்திற்கும் அது வழிவிடும்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர், பருத்த உடலும் ஓயாத தூக்கமுமாக வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 51 வயது வர்த்தகர். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டுக் கையில் இருக்கும்போதே உறங்கிப்போனவர். டிக்கின்ஸ் 1837இல் வெளியிட்ட நாவலில் வரும் தூங்குமூஞ்சிக் கொழுத்த பையனை நினைந்து, அந்நாவலின் பெயரையே நோய்க்கும் சூட்டினர். பருத்தவன், குறட்டை விடுபவன், ஆண்மகன்: இந்தச் சித்திரம் வைத்தியர்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. நித்திரை வைத்திய நிலையங்களுக்கு ஒரு பெண் வந்தால் எட்டு ஒன்பது ஆண்கள் வந்தனர். ஆகவே பெண்களுக்கு இந்நோய் அரிது என்று தீர்ப்பு எழுதப்பட்டது. நீதிமன்றத்திற்கு வராதவனுக்கு வழக்கே இல்லை என்று சொல்வதைப் போன்றதே இது.

விஸ்கொன்சின் மாநிலத்து ஆய்வாளர்கள் நோயாளி தம்மை நாடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 30 முதல் 60 வயது வரையான அரசாங்க ஊழியர் 602 பேரை ஓர் இரவு உறங்கவைத்துச் சோதித்தனர். 1993இல் முடிவு வெளியாயிற்று. மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைப்பட்டோர் ஆண்களில் நூற்றுக்கு 24, பெண்களில் நூற்றுக்கு 9. ஒன்றுக்கு எட்டு ஒன்பது என்ற கணக்கு மூன்றுக்கும் குறைந்தது. வைத்திய நிலையத்தை எட்டாத அந்தப் பெண்கள் எங்கே? அதே ஆய்வாளர் 1997இல் விடை தந்தனர்: நடுத்தரமான அல்லது கடுமையான நோயுடைய ஆண்களில் நூற்றுக்கு 82 பேரும் பெண்களில் நூற்றுக்கு 93 பேரும் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தனர்.

காரணம் அளவுகோலில் இருக்கிறது. ஆணுக்குத் தொண்டைப் பாதை நீளம். கொழுப்பும் கழுத்தில் சேர்கிறது. மூச்சு முற்றாக நின்றுவிடுகிறது. பெண்ணுக்கோ பெரும்பாலும் மூச்சு ஒடுங்குகிறது. ஒடுங்கும் நேரமும் குறுகியது. ஒட்சிசன் அதிகம் இறங்குமுன்னரே அவள் விழித்துக்கொள்கிறாள். ஒட்சிசன் நூற்றுக்கு 4 பங்கு இறங்கினால்தான் கணக்கிற் சேர்ப்போம் என்ற விதி, அவளுடைய விழிப்புக்களை ஏட்டில் ஏற்றுவதேயில்லை. 3 பங்கு இறங்கினாலும், விழிப்பு ஏற்பட்டாலும் சேர்க்கலாம் என்று அமெரிக்க நித்திரை வைத்தியர் கழகம் 2012இல் விதந்துரைத்தது. ஆயினும் பழைய விதி ஒழிந்தபாடில்லை.

இன்னொன்று, சராசரி என்னும் சூழ்ச்சி. பெண்ணின் மூச்சடைப்புக் கனவு காணும் நித்திரையிலேயே பெரிதும் குவிகிறது. ஏழு மணி நேர நித்திரையில் ஒன்றரை மணி நேரம் கனவு நித்திரை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மணிக்கு 30 வீதம் 45 தடவை மூச்சு அடைபட்டது. மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. 45ஐ ஏழால் வகுத்தால் ஆறரைக்குச் சற்றுக் குறைவு. அறிக்கையில் “இலேசான நோய்” என்று எழுதுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் அவள் பட்ட பாட்டை அறிக்கை அறியாது.

இனிச் சாட்சியம். கணவனின் குறட்டைக்கும் மூச்சு நிற்பதற்கும் பக்கத்தில் விழித்திருக்கும் மனைவி சாட்சி. மனைவிக்குச் சாட்சி யார்? கணவன் தூங்குகிறான்; கைம்பெண்ணுக்கோ அவனும் இல்லை. குறட்டை விடுகிறேன் என்று தானாகச் சொல்லப் பெண் கூசுகிறாள். நித்திரை வரவில்லை, விடியற்காலை தலையிடி, உடல் அசதி, மனச்சோர்வு என்றே முறையிடுகிறாள். தூக்க மாத்திரையோ மனச்சோர்வுக்கு மருந்தோ கொடுத்து அனுப்புகிறார்கள்.

ரொறன்ரோவில் ஆக்கப்பெற்று 2008இல் வெளிவந்த எட்டு வினாக்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆணாயிருத்தலே அதில் ஒரு புள்ளி. ஆண்களுக்கு இந்நோய் அதிகம் என்பது மெய், நான் மறுக்கவில்லை. ஆனால் பொதுவான நிகழ்தகவு, முன்னே நிற்கும் தனியொருத்திக்கு எதிரான சாட்சியமாகிவிடாது.

அன்றியும் அவளுடைய நிலை வயதோடு மாறுகிறது. மூச்சைத் தூண்டும் ஓமோன் மாதவிடாய் நின்றபின் குன்றிவிடுகிறது. பென்சில்வேனியாவில் 2001இல் வெளியான ஆய்வில், நோயுற்றோர் மாதவிடாய் நிற்காத பெண்களில் நூற்றுக்கு 0.6, நின்றபின் ஓமோன் மருந்து எடுக்காதவர்களில் 2.7. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து உண்டு. நித்திரை மூச்சடைப்புள்ளோரிடம் கர்ப்பகாலக் குருதி அமுக்கமும் நீரிழிவும் மிகுதியாகக் காணப்படுவதை 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. வயது போனால் நித்திரை குறையுந்தானே என்று நம் வீடுகளில் தாய்மாரைச் சமாதானப்படுத்தும் பருவத்திலேதான் நோய் உள்ளே நுழைகிறது.

ஆதலின் நாம் கேட்பது இது. ஐம்பது வயதுத் தாய் ஒருத்தி நித்திரையில்லை என்று வந்தால், மாத்திரைச் சீட்டு எழுதுமுன் அவள் இரவில் எப்படி மூச்சு விடுகிறாள் என்று வைத்தியர் விசாரிக்கவேண்டும். அதே அறையில் படுக்கும் மகளையும் கேட்கவேண்டும். சோதனை அறிக்கையில் கனவு நித்திரையின் கணக்கைத் தனியே எழுதவேண்டும். மூக்கில் மூடி பொருத்தி அமுக்கக் காற்றைச் செலுத்தும் சிகிச்சையைச் சிட்னி வைத்தியர் கொலின் சலிவன் குழுவினர் 1981இலேயே உலகுக்கு அறிவித்துவிட்டனர். அது பெண்ணின் தொண்டையையும் திறந்து வைக்கும்.