கழுவிய மோட்டார் சைக்கிள் காயவும் வேண்டும்



இம்முறை நமது முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவோம். முன்பள்ளிக்குப் போகும் ஆசிரியைக்கும், விடியற்காலையில் மீன் பெட்டியுடன் புறப்படும் தாய்க்கும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கைக்கும் இன்று அதுதான் கால். சாலியோ, ஸ்கூட்டி பெப்போ, டியோவோ, எதுவாக இருந்தாலும் அது பழுதாகி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். 2020ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. 2025ஆம் ஆண்டு மாசியில் மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், புதிதாக ஒன்றை வாங்குவது நம்மில் பலருக்கு எட்டாத காரியம். இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

"பொம்பிளை வண்டி கழுவுறதோ" என்று மதிலுக்கு மேலால் பார்ப்பவர்கள் இருக்கக்கூடும். பார்க்கட்டும். இரண்டு வாளித் தண்ணீருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் உரிய வேலைக்காக ஒவ்வொரு தடவையும் சேர்விஸ் நிலையத்தில் பணம் கொடுக்கத் தேவையில்லை. அத்துடன், வண்டியில் எங்கே நட்டு இளகியிருக்கிறது, எங்கே ஒயில் கசிகிறது என்பது துணியோடு போகும் உங்கள் கைக்குத்தான் முதலில் தெரியவரும்.

ஓடி வந்த உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். என்ஜினும் சைலன்சரும் கடும் சூடாக இருக்கும். அரை மணித்தியாலமாவது நிழலில் ஆற விடுங்கள். சிறு பிள்ளைகள் உதவி செய்ய ஓடி வருவார்கள். சைலன்சர் ஆறும் வரை அவர்களைக் கிட்ட விட வேண்டாம். காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத பிள்ளை நம் ஊர்களில் குறைவு.

கிணற்றடியில் வைத்துக் கழுவுவது நல்லதல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினையை நாம் மறந்திருக்க மாட்டோம். குடிக்கும் கிணற்றிலிருந்து நன்கு தள்ளி, வளவின் தாழ்ந்த பக்கத்தில் வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். செயற்கைக் கால் அணிந்த சகோதரிகள் ஒரு சிறிய பலகையில் இருந்துகொண்டு கழுவுவது பாதுகாப்பானது. சவர்க்காரத் தண்ணீர் பட்ட தரை வழுக்கும்.

திறப்புத் துவாரத்தையும் சைலன்சர் வாயையும் பொலித்தீன் பையால் மூடி இறப்பர் பட்டி போடுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறக்கக் கூடாது. சைலன்சர் அடைபட்டிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் புழுதியை ஊறவைத்துக் கழுவி விடுங்கள். வன்னியின் கிறவல் புழுதியைக் காய்ந்தபடியே துணியால் தேய்த்தால் பெயின்ற் முழுவதும் கீறல் விழும். பின்னர் தலைக்குப் போடும் ஷாம்பு சிறிதளவு கலந்த தண்ணீரில் பழைய துணியை நனைத்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள். உடுப்புத் தோய்க்கும் தூள் காரம் கூடியது. பெயின்றின் பளபளப்பை எடுத்துவிடும். மட்காட்டின் உட்பக்கத்தில் அப்பியிருக்கும் சேற்றை விட்டுவிடாதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து கறள் பிடிக்க வைப்பது அதுதான். குழாய்த் தண்ணீரை சுவிச்சுகள், மீற்றர், பற்றரி, பிளக், காற்று வடிகட்டி ஆகியவற்றின் மீது வேகமாகப் பாய்ச்ச வேண்டாம்.

மீன் வியாபாரம் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு விசேட குறிப்பு. றெஜிபோம் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர், பெட்டி கட்டும் கம்பியையும் பின் மட்காட்டையும் சீக்கிரமே அரித்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை முழு வண்டியையும் கழுவினாலும், அந்தப் பின்பகுதிக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் வியாபாரம் முடிந்து வந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். தீவுப் பகுதிகளில் கிணற்று நீரே உவராக இருந்தால், கடைசி அலசலுக்காவது மழைநீரோ பவுசர் தண்ணீரோ ஒரு வாளி ஒதுக்கி வையுங்கள்.

செயின் உள்ள வண்டியானால், பழைய பற்தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்துச் செயினைத் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த பின்னர் செயின் ஒயில் விடுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, சில்லைக் கையால் சுற்றித்தான் இதைச் செய்ய வேண்டும். என்ஜின் ஓடும்போது செயினுக்குக் கிட்டத் துணியைக் கொண்டுபோனால் விரலையே இழக்க நேரும். பெற்றோலால் கழுவ வேண்டாம். நெருப்புப் பிடிக்கும் ஆபத்து அதில் மிகவும் கூட. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். எந்த எண்ணெயும் ரயரிலோ பிறேக்கிலோ படக் கூடாது.

இனிக் காய வைப்பது. பலரும் கழுவியவுடன் வெயிலில் விட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விடுகிறார்கள். நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். துடைக்காமல் வெயிலில் விட்டால் துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகப் படிந்துவிடும். பழைய சாரம் ஒன்றைக் கிழித்து வைத்திருங்கள். அதைப் போல் ஈரம் உறிஞ்சும் துணி வேறில்லை. நட்டுகளின் மூலை, இருக்கையின் கீழ், பெற்றோல் மூடியைச் சுற்றி என்று ஒற்றி எடுங்கள். துடைக்கும்போதே பாருங்கள்: ரயரில் ஆணி ஏறியிருக்கிறதா, பிறேக் கம்பியில் ஒரு இழையாவது அறுந்திருக்கிறதா, சிக்னலும் பின் விளக்கும் எரிகிறதா?

பின்னர் வெளியிடத்தில் வைத்து ஐந்து நிமிடம் என்ஜினை ஓட விடுங்கள். விறாந்தையிலோ மூடிய அறையிலோ ஓட விடக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயு மணமில்லாமலே உயிரைக் குடிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது பிறேக். சில்லுக்குள் இருக்கும் டிரம் பிறேக்கில் தண்ணீர் போனால் பிறேக் கட்டைகள் வழுக்கும்; பிடித்தாலும் வண்டி நிற்காது. ஈரம் பட்ட டிஸ்க் பிறேக்கும் முதல் பிடியில் ஏமாற்றலாம். எனவே கழுவியவுடன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதிக்கு ஏறாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கையில் தனியாக, மெதுவாக ஓடியபடி, முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் மென்மையாகப் பல தடவை பிடித்துப் பிடித்து விடுங்கள். உராயும் சூட்டில் ஈரம் போய்விடும். வழமையான பிடி திரும்பிய பின்னர் வீதிக்குப் போகலாம். மாரியில் வெள்ளம் நிற்கும் மதகைக் கடந்து வந்தாலும் இதே வேலைதான்.

மாரி என்றதும் இன்னொன்று. 2018ஆம் ஆண்டு மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்தாலும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே தண்ணீர் இருந்தால் ஒரு உதையிலேயே என்ஜின் சேதமடையக்கூடும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதை முழுவதும் வடித்து, புது ஒயில் விட்ட பிறகே உதைக்கச் சொல்லுங்கள். அவர் வடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.