புரியாத பாஷையில் ஒரு ஒப்பந்தம்

பட்டுக்குப் பேர்போன ஆரணியைப் பற்றி நாம் எழுதவில்லை. திருவள்ளூர் ஜில்லாவில் பெரியபாளையத்தை அடுத்து இருக்கும் ஆரணியைச் சொல்லுகிறோம். அவ்வூரில் ஒருவர் அரைக்காணி நிலம் வாங்குவதானாலும், பத்திரத்தைப் படிக்கச் சொல்லி, எல்லை நாலும் சரியாயிருக்கிறதா என்று காதால் கேட்டுக்கொள்ளாமல் கையெழுத்துப் போடமாட்டார். சட்டமும் அவருக்கு அனுகூலமாகவே இருக்கிறது. பதிவு செய்யும் அதிகாரிக்கு விளங்காததும் ஜில்லாவில் வழங்காததுமான பாஷையில் பத்திரம் எழுதியிருந்தால், சரியான மொழிபெயர்ப்பு கூட வராதபக்ஷம் அதைப் பதியக்கூடாது என்பது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 19-வது பிரிவு. பக்கத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கும் இதே நியாயந்தான். சட்டப்படி ஒட்டவேண்டிய அறிவிப்புகள் இங்கிலீஷில் மாத்திரம் இருந்தால் போதாது, தொழிலாளரில் பெரும்பாலோருக்கு விளங்கும் பாஷையிலும் இருக்கவேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. பெரும்பாலோர் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர்களானால் அவர்கள் பாஷையில்தான் எழுதவேண்டும். இது தமிழ்ப்பற்றுச் சங்கதியல்ல; கட்டுப்படுகிறவனுக்குக் கட்டு இன்னதென்று தெரியவேண்டுமென்ற சங்கதி.

இவ்வளவு ஜாக்கிரதையுள்ள மனிதர், தம் மகளை ஆயுள் முழுவதுக்கும் கட்டிக்கொடுக்கும் காரியத்தில் மாத்திரம் வாயைத் திறக்கிறாரா? புரோகிதர் ஏதோ சொல்லுகிறார். மாப்பிள்ளை கிளிப்பிள்ளை போல் திருப்பிச் சொல்லுகிறான். பெண் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிமேளம் என்றதும் அரிசியைத் தூவிவிட்டுப் பந்திக்கு ஓடுகிறோம். சொன்னது என்ன, ஒப்புக்கொண்டது என்ன என்று கேட்டவர் யார்?

கன்னிகாதானம் என்றால் பெண்ணைத் தானமாகக் கொடுப்பது. தானம் கொடுக்கப்படுவது பசுவையும் பூமியையும் போல ஒரு வஸ்துவே தவிர, சம்மதம் கேட்கப்படவேண்டிய மனுஷியல்ல. அது போகட்டும். ரிக்வேதம் பத்தாவது மண்டலம் 85-வது சூக்தத்தில், பெண்ணுக்குச் சோமனும் கந்தர்வனும் அக்கினியும் முதல் மூன்று புருஷர்கள், மனிதன் நாலாவது ஆள் என்று பொருள்படுகிற மந்திரம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தில் ஓதும் மந்திரங்களில் அதுவும் சேர்ந்தது. அதைப் பச்சைத் தமிழில் பந்தலில் உரக்கச் சொல்லட்டுமே! மாப்பிள்ளையின் தாயார் என்ன செய்வாள், பெண்ணைப் பெற்றவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார் என்பதைப் பார்க்க நாமும் வருகிறோம்.

உடனே வைதீகர்கள், மந்திரத்துக்குச் சப்தந்தான் பலம், அர்த்தம் தேவையில்லை என்பார்கள். இது புது வாதமல்ல. மந்திரங்களுக்கு அர்த்தமே கிடையாதென்று கௌத்சர் என்பவர் சொன்னதாக யாஸ்கர் தமது நிருக்தத்தில் எடுத்துக்காட்டி மறுக்கிறார். அதோடு விடவில்லை. பொருள் தெரியாமல் வேதம் ஓதுகிறவன் சுமையைத் தாங்கி நிற்கும் வெறுங் கட்டை என்ற கருத்தும் அந்நூலில் இருக்கிறது. அது சுயமரியாதைக்காரன் எழுதியதல்ல, வேதாங்கம்!

இந்தப் பயம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமுமல்ல. பைபிளை இங்கிலீஷில் ஆக்கிய டிண்டேல் 1536-ல் கொல்லப்பட்டார். ரோமன் கத்தோலிக்கச் சபை, உள்ளூர்ப் பாஷைகளில் பூசை நடத்த 1963-ல்தான் வழிவிட்டது.

இங்கே நடந்ததையும் பாருங்கள். தம்பதிகள் தமக்குத் தெரிந்த பாஷையில் ஒப்புக்கொண்டு நடத்திய சுயமரியாதைக் கல்யாணத்தை, சாஸ்திரச் சடங்கும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை என்று சொல்லி, செல்லாதென 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. அண்ணாதுரை மந்திரிசபை 1967-ல் இயற்றி, 1968-ல் அமுலுக்கு வந்த 7-ஏ பிரிவுதான் அந்த அநியாயத்தை நிவர்த்தித்தது. முன்பு நடந்த கல்யாணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கிற்று. தம்பதிகளுக்கு விளங்கும் எந்தப் பாஷையிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதுமென்கிறது அது. அந்த 'விளங்கும்' என்ற ஒரு வார்த்தைக்காகவே அதைப் பாராட்டலாம்.

தமிழில் சொல்லிவிட்டால் மாத்திரம் மூடத்தனம் அறிவாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று பார்க்கவாவது முதலில் புரியவேண்டாமா? ஆகவே வருகிற தை முகூர்த்தங்களில், ஆரணித் தோழர்கள் தக்ஷிணை பேசும்போதே ஒவ்வொரு மந்திரத்துக்கும் அர்த்தம் எழுதித் தரும்படி புரோகிதரைக் கேட்கட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் அதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகு முன்பணம் கொடுக்கட்டும். என்ன பதில் வந்ததென்று நமக்கு எழுதினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.