கொண்டையைப் பாருங்கள்!

பழைய ரோமாபுரிப் பொற்காசு ஒன்று உங்களிடம் விலைக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். 'அவுரியஸ்' என்பார்கள். எடை ஏழு கிராமுக்குச் சற்று மேல்; நம் பவுனைவிடக் கொஞ்சம் குறைச்சல். ஒரு பக்கம் ஒரு சீமாட்டியின் முகம். சுற்றிலும் 'ஃபாஸ்டினா' என்று லத்தீன் எழுத்து. ('யூ' இருக்கவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், மிரள வேண்டாம்.)

சரி, எந்த ஃபாஸ்டினா? அந்தப் பெயரில் இரண்டு மகாராணிகள் உண்டே! தாய், அந்தோனினஸ் பயஸ் சக்கரவர்த்தியின் மனைவி. மகள், மார்க்கஸ் அரேலியஸின் மனைவி.

பெயருக்கு முன் 'தீவா' என்றிருந்தால், தெய்வமாகிவிட்டவள் என்று அர்த்தம். காலமான பின் அடித்த காசு. தாய் கி.பி. 140-ஐ ஒட்டி மறைந்தாள். சக்கரவர்த்தி அவளுக்கு ரோமில் கோயிலே எழுப்பினார். அதன் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவள் முகம் பொறித்த காசுகளும் வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு கணவர்!

'அப்படியானால் தீவா என்றால் தாய்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகளும் இறந்தபின் 'தீவா' ஆனாள்.

பின் என்ன வழி? கொண்டைதான்! பின்னலைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்திருந்தால் தாய். பிடரியில் முடிந்திருந்தால் மகள். இந்த வித்தை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எல்லாம் பொருந்தியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிகிறதா? ரோமர்கள் அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்களே தவிர, அவுரியஸை வார்க்கவில்லை. பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு வீடு திரும்புங்கள்.