படிதல் வேறு, படித்தல் வேறு

போன மே மாதம் எங்கள் பத்தாம் வகுப்புத் தோழர்கள் பழைய பள்ளிக்கூடத்தில் கூடினோம். வேப்பமரத்தடியில் சாமியானா, மதியத்துக்குப் பிரியாணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 6 பேருக்குப் பொன்னாடை. மைக்கைப் பிடித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "சார், அன்னைக்கு நீங்க அடிச்ச அடிதான் இன்னைக்கு எனக்குச் சோறு போடுது." வங்கி மேலாளர் சொன்னார். மின்வாரியப் பொறியாளர் சொன்னார். துபாயிலிருந்து வந்தவர் கண்கலங்கச் சொன்னார். நானும் கைதட்டினேன்.

இரவு வீட்டுக்கு வந்து குழுப் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஆறாம் வகுப்பில் நாங்கள் 52 பேர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 31 பேர். மீதி 21 பேர் அந்தப் படத்தில் இல்லை, வாட்ஸப் குழுவிலும் இல்லை. அவர்களையும் அதே பிரம்புதான் அடித்தது. எங்களைவிட அதிகமாகவே அடித்தது. அந்த அடி என்ன செய்தது என்று சொல்ல அவர்களிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை.

21 பேரும் அடிக்குப் பயந்துதான் நின்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் வீட்டில் ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. சில பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஏன் நின்றான் என்று எனக்குத் தெரியும். பின்னக் கணக்கு அவனுக்கு வரவில்லை. எட்டில் மூன்று பெரியதா, நாலில் ஒன்று பெரியதா என்று கேட்டால் நாலில் ஒன்றுதான் என்பான். கணக்கு வாத்தியார் அவனையே வெளியே அனுப்பிப் புளியமர விளாறு ஒடித்துவரச் சொல்வார். மெல்லியதாக ஒடித்து வந்தால் திருப்பி அனுப்புவார். தன்னை அடிக்கும் குச்சியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு வரும் பிள்ளையின் நடையை நான் பலமுறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. பிறகு எந்தத் திங்கட்கிழமையும் வரவில்லை.

அடித்தால்தான் படிப்பு வரும் என்ற நம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் தப்பித்தவர்கள். அதனால்தான் அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியவில்லை.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். இந்தப் பழமொழியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதில் உள்ள வினையைக் கவனிப்பதில்லை. படிதல் என்றால் பணிதல், அடங்குதல். படித்தல் என்பது வேறு வினை. மாடு நுகத்துக்குப் படிய வேண்டும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையை நாம் பள்ளிக்கு அனுப்புவது நுகத்தில் பூட்டவா? ஒரு தகர எழுத்துக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை நூறாண்டாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தால் தலைமையாசிரியர் திருப்தியோடு கடந்து போகிறார். உள்ளே இருப்பது படிந்த வகுப்பு. படிக்கிற வகுப்பா என்று அவருக்குத் தெரியாது.

அண்மைக் காலத்தில் இந்த நம்பிக்கைக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியதால்தான் போலீஸ் கையில் லத்தி வேலை செய்கிறது என்று ஒரு வாசகம் வாரம் ஒருமுறையாவது கைபேசிக்கு வந்து சேர்கிறது. பிரம்பு தாராளமாகப் புழங்கிய காலத்தில் லத்தி சும்மா இருந்ததா? 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பேர். 'யங் லைவ்ஸ்' என்ற நெடுநாள் ஆய்வு அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 8 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, கடந்த ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் யாரையாவது அடித்ததைப் பார்த்தேன் என்றவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். அடி சர்வரோக நிவாரணி என்றால் உலகிலேயே ஒழுக்கமும் கல்வியும் மிக்க தேசமாக நாம் எப்போதோ ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் அடிக்கிற ஆசிரியர் பொய் சொல்லவில்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். "நான் கண்ணால பாத்திருக்கேன் சார். அடிச்சா அடுத்த பரீட்சைல மார்க் ஏறுது. பாராட்டினா தலைக்கு ஏறி இறங்கிடுது." அவர் பார்த்தது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு.

இந்தப் பொறியை முதலில் எனக்கு விளங்க வைத்தது உளவியலாளர் டேனியல் கானமன் எழுதிய ஓர் அனுபவம். 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இளமையில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே கற்றலுக்கு உதவும் என்று அவர் சொன்னதும் மூத்த பயிற்றுநர் ஒருவர் எழுந்து மறுத்தார்: நன்றாகக் குட்டிக்கரணம் போட்ட விமானியைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகச் செய்கிறான். நம் ஆசிரியர் சொல்வதே அச்சு அசலாக. கானமன் வாதம் செய்யவில்லை. தரையில் ஒரு குறி வரைந்து, எல்லோரையும் முதுகைக் காட்டியபடி அதை நோக்கி இரண்டு முறை நாணயம் எறியச் சொன்னார். யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவுமில்லை. முதல் எறிதலில் குறிக்கு மிக அருகே எறிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் விலகினார்கள். மோசமாக எறிந்தவர்கள் பெரும்பாலும் தேறினார்கள்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வழக்கமாக 45 வாங்கும் பையன் ஒரு தேர்வில் 25 வாங்குகிறான். முந்தின நாள் காய்ச்சலாக இருந்திருக்கும், படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்திருக்கும், வீட்டில் சண்டை நடந்திருக்கும். அடி விழுகிறது. அடுத்த தேர்வில் 43. பிரம்பு ஜெயித்துவிட்டது. அடிக்காமல் விட்டிருந்தாலும் அவன் தன் பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்திருப்பான். வழக்கமாக 80 வாங்கும் பெண் ஒருமுறை 96 வாங்கிப் பாராட்டும் பெறுகிறாள். அடுத்த முறை 82. பாராட்டு கெடுத்துவிட்டது. இப்படி ஓர் ஆசிரியர் முப்பது வருடப் பணிக்காலத்தில் ஆயிரம் தடவை தண்டனைக்குச் சாதகமான 'ஆதாரத்தை'ப் பார்க்கிறார். அனுபவமே அவரை ஏமாற்றுகிறது. அனுபவம் கூடக்கூட ஏமாற்றமும் கெட்டிப்படுகிறது. நம்பாதவர்கள் ஆசிரியர் அறையில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

பயம் கவனத்தைக் கூட்டும் என்பதும் உண்மைதான். எதன் மேல் கவனம் என்பதே கேள்வி. வகுத்தல் கணக்கோடு கரும்பலகை முன் நிற்கும் பிள்ளை மீதியை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த இலக்கத்தை இறக்கி, வாய்ப்பாட்டைத் தேட வேண்டும். மனதில் ஒரே நேரத்தில் ஏந்திவைக்கக்கூடியது கொஞ்சம்தான். முதுகுக்குப் பின்னால் ஸ்கேலோடு ஒருவர் நின்றால் அந்தக் கொஞ்ச இடத்தையும் ஸ்கேல் பிடித்துக்கொள்கிறது. கணக்கைக் கண்டாலே நடுங்குகிறவர்களிடம் மார்க் ஆஷ்கிராஃப்ட் போன்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வுகள் இதையே காட்டின: பதற்றம் மனக்கணக்கு நடக்க வேண்டிய இடத்தைத் தின்றுவிடுகிறது. வீட்டில் சரியாகச் சொன்ன ஏழாம் வாய்ப்பாடு பள்ளியில் மறந்துபோவது திமிரினால் அல்ல.

கையால் அடிப்பது மட்டும்தான் அடி என்று எண்ணிக்கொள்ளவும் கூடாது. விடைத்தாள் கொடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கட்டோடு ஆசிரியர் வருகிறார். குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார். பெயர், எண், ஒரு வசனம். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு." சிலர் தாளைக் கையில் கொடுப்பதில்லை, வீசுகிறார்கள். அது வகுப்பின் நடுவில் விழுகிறது. எல்லோர் காலையும் தாண்டிப் போய்ப் பொறுக்க வேண்டும். அந்த நாளில் எந்தப் பிள்ளையும் தன் விடைத்தாளுக்குள் என்ன தவறு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. முதல் பக்கத்து எண்ணைப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்க்கும், மடித்துப் பைக்குள் வைக்கும். திருத்திய ஆசிரியரின் இரண்டு இரவு உழைப்பு அங்கேயே வீணாகிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண், இன்னொன்றுக்கு எங்கே எப்படித் திருத்தலாம் என்ற குறிப்பு, மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் கொடுத்தபோது அதே குறிப்பு பலிக்கவில்லை. எண் வந்ததும் சொல் காதில் விழவில்லை.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாறாக, அடிக்கடி கேள்வி கேட்பதைவிடச் சிறந்த கற்பித்தல் குறைவு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தை. அந்தச் சோதனையில் குச்சியும் இல்லை, ரேங்க்கும் இல்லை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் இதைவிட எளிய ஒன்றைக் கவனித்தார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய்திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடிக்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, நம்ம மரபு வேற" என்று அடுத்த வாதம் வரும். நம் மரபில் கோதண்டத்தில் பிள்ளையைத் தொங்கவிட்ட திண்ணைப் பள்ளிகள் இருந்தன, மறுக்கவில்லை. அதே மரபில் நன்னூலும் இருக்கிறது. பவணந்தி முனிவர் பாயிரத்தில் ஆசிரியருக்கு வகுத்த முறையில் பிரம்பைக் காணோம். மாணவன் எந்த வழியில் சொன்னால் வாங்கிக்கொள்வான் என்று அறிந்து, முகமலர்ச்சியோடு பாடம் சொல்லச் சொல்கிறார். சென்னைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுத்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விட்டார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது. பெல் அடியை விரும்பாதவர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளி ஒன்று இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரில் நடக்கிறது. அந்த முறை பின்னாளில் இயந்திரத்தனமாகப் போனது வேறு கதை.

அதற்கெல்லாம் பின்னால், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுதும் பரவியது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கரும்பலகைத் துண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பாட அட்டை எடுத்துத் தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறியது. வகுப்பறை இரைந்தது. "படிக்கவே இல்ல, விளையாடுதுங்க" என்று பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. ஆனால் சத்தமும் மகிழ்ச்சியும் அந்தக் குறைகளில் சேர்த்தி அல்ல. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. பின்னம் புரியாத பையனுக்குத் தேவைப்பட்டது அதுதான். பாதி ரொட்டி, கால் ரொட்டியிலிருந்து யாராவது தொடங்கியிருந்தால் போதும். விளாறு ஒடிக்க அவன் போய்வந்த நேரத்துக்குள் அதைச் சொல்லித் தந்திருக்கலாம்.

சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. 2003இலேயே தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி உடல் தண்டனையைத் தடுக்கும்படி திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. ஆனால் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே வந்து ஒப்படைக்கும்போது எந்தப் பிரிவு குறுக்கே நிற்கும்? ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், இணையத்தில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம், தேர்ச்சி விகிதம் ஏன் குறைந்தது என்று மேலிடத்திலிருந்து கேள்வி. அதிகாரி தலைமையாசிரியரைத் திட்டுகிறார், அவர் ஆசிரியரை, ஆசிரியர் பிள்ளையை. அந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்பவருக்குத்தான் திருப்பித் தர யாருமில்லை. அந்தப் படியிலும் எல்லோரும் சமம் இல்லை. கேட்க ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளை மேல் பிரம்பு யோசித்துத்தான் இறங்குகிறது.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனைத் தேடிப் போனேன். பக்கத்து ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஜன்னல் கிரில்லுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டே கால் அடி. அதுல மூணு நூல் கழிச்சுக்கோ" என்று உதவிக்கு நின்ற பையனிடம் சொன்னான். ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பையனுக்குப் புரியவில்லை என்றதும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு எட்டாகப் பிரித்துக் காட்டினான்.

டீ வரவழைத்தான். சின்ன மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்க்கலாம் என்று பேச்சு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியைச் சொன்னேன். பஸ் வசதி, ஆய்வகம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று அடுக்கிக்கொண்டே போனேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அங்க அடிப்பாங்களாடா?"